அப்பன் அறியாத தொழில்

தென்காசி, பாவூர்சத்திரம், கடையம், கடையநல்லூர் பக்கம் பகல் பொழுதில் ஒரு தெருவில் நடந்து பாருங்கள். திண்ணையிலும் நடைவாசலிலும் பெண்கள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஊறவைத்த இலையைத் தகட்டளவுக்குக் கத்தரியால் வெட்டி, தூளை நிரவி, உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி அறுக்க, கை தேர்ந்த பெண்ணுக்குச் சில நொடி போதும். பேச்சு ஒரு பக்கம் ஓடும், விரல் ஒரு பக்கம் ஓடும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. முதுகு வலியும் தூள் நெடியும் அந்தக் கணக்கில் சேராது. ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண் பிள்ளைகளும் புத்தகப் பையை இறக்கிவிட்டு அம்மாவுக்கு முனை மடக்கிக் கொடுக்க உட்கார்ந்தார்கள். அந்தத் தலைமுறைதான் இன்று தாயாகி, “இது என்னோட போகட்டும்” என்று பிடிவாதமாக நிற்கிறது.

தொழிற்கல்வி என்று பேச வருகிற யாரும் முதலில் இந்தத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்று நினைக்கிறேன். கைத்தொழிலின் பெருமையைக் கைத்தொழிலால் தேய்ந்தவரிடம் பேசுவது எளிதல்ல.

தென்காசிக்குத் தெற்கே மலையடிவாரத்தில் மத்தளம்பாறை என்றொரு கிராமம். வயலும் தென்னந்தோப்பும், மேற்கே நிமிர்ந்தால் மேகம் இறங்கிய மலையும் உள்ள ஊர். இங்கே 2011-ல் ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் ஒரு சிறிய அலுவலகம் திறந்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு தொடங்கிய இடம் அது. வாடிக்கையாளர் அனுப்பும் கேள்விகளையும் புகார்களையும் கையாளுகிற ‘ஜோஹோ டெஸ்க்’ என்ற மென்பொருள் இங்கிருந்துதான் உருவானது. பல நாட்டு நிறுவனங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. அலுவலகத்தின் பின்னாலேயே ஒரு பள்ளியும் வந்தது. பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்த பிள்ளைகளை அது சேர்த்துக்கொள்கிறது. கட்டணம் கிடையாது. மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகையும் கையில் கிடைக்கிறது. இரண்டு வருடம் படித்தால் பட்டம் கிடைக்காது, வேலை கிடைக்கும்.

குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் இந்தப் பள்ளியைப் பற்றிக் கேள்விப்பட்டால் நம்ப முடியாமல் இரண்டாம் முறை கேட்கிறார்கள். “படிக்கிறதுக்குக் காசு குடுக்கிறாங்களா?” என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்கு முன், நம் மாநிலத்தில் தொழில் கற்பித்த பள்ளிகளின் பழைய கதையைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வேலைக்கு ஆள் வேண்டும் என்று பிள்ளைகளை எடுத்துக் கற்றுக்கொடுப்பது புதிது அல்ல. 1794-ல் சென்னைக் கோட்டையில் மைக்கேல் டாப்பிங் என்ற நில அளவையாளர் எட்டுப் பையன்களை வைத்து ஒரு சர்வே பள்ளி தொடங்கினார். ஆண்பிள்ளை அனாதை இல்லத்திலிருந்து தொழில் பழகுநர்களாக எடுக்கப்பட்ட பையன்கள் அவர்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலத்தை அளக்க ஆள் வேண்டியிருந்தது. ஐரோப்பாவிலிருந்து ஆள் வரவழைப்பது கட்டுபடியாகவில்லை. அந்த எட்டுப் பேரில் தொடங்கிய பள்ளிதான் வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆனது. இன்று கிண்டியில் இடம் கிடைக்க எத்தனை மார்க் வேண்டும் என்று நமக்குத் தெரியும். தொடக்கத்தில் அதற்கு வேண்டியிருந்தது மார்க் அல்ல, வெயிலில் நின்று சங்கிலி இழுக்கச் சம்மதிக்கிற பையன்கள்தான்.

கோவையில் ஜி.டி. நாயுடு 1945-ல் அன்றைய ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாகக் காரணமாக இருந்தார். பொறியியலை நான்கு வருடம் இழுக்க வேண்டியதில்லை, பட்டறையோடு சேர்த்துக் கற்பித்தால் இரண்டு வருடம் போதும் என்பது அவருடைய உறுதியான கருத்து. அரசு ஒப்பவில்லை. அவர் விலகிக்கொண்டார். இரண்டு வருடம் என்ற அந்தக் கணக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொருவர் கையில் திரும்பி வரும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

1952-ல் மத்திய அரசு இடைநிலைக் கல்விக்கு ஒரு கமிஷன் வைத்தது. தலைவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். எல்லாப் பிள்ளையையும் ஒரே ஏணியில் கல்லூரிக்கு ஏற்றப் பார்க்காதீர்கள், பலநோக்குப் பள்ளிகளும் தொழில்நுட்பப் பள்ளிகளும் வேண்டும் என்று அந்தக் கமிஷன் சொன்னது. அந்தப் பள்ளிகள் தொழிற்சாலைகளின் பக்கத்திலேயே இருந்து அவற்றோடு சேர்ந்து இயங்க வேண்டும் என்றது. செலவுக்குத் தொழில்துறையிடம் ஒரு கல்வி வரி வாங்கலாம் என்று வழியும் காட்டியது. நல்ல அறிக்கை. அது வெளிவந்த அதே 1953-ல் சென்னை மாநிலத்தில் வேறொன்றும் நடந்தது. நம் ஊரில் தொழிற்கல்வி என்ற சொல்லின் மேலேயே அது அழியாத கறையைப் படிய வைத்துவிட்டது.

முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தைச் சொல்கிறேன். கிராமத்துப் பள்ளிக்கூடம் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் மூன்று மணி நேரம் நடக்கும். மீதி நேரத்தில் பிள்ளை தகப்பனோடு இருந்து அவன் செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். இதுதான் திட்டம். இருக்கிற பள்ளி, இருக்கிற வாத்தியாரை வைத்து இரண்டு ஷிப்டில் இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்ற கணக்கு அதற்குள் இருந்தது. கையால் செய்யும் வேலைக்கு மதிப்புத் தேட வேண்டும் என்ற எண்ணமும் இருந்திருக்கலாம்.

ஆனால் அந்தத் திட்டம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. முடி வெட்டுகிறவர் மகன் மத்தியானத்துக்கு மேல் எதைக் கற்பான்? துணி வெளுக்கிறவர் மகள்? பனையேறி மகன்? எழுதப் படிக்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு வீட்டிலும் எழுத்தே காத்திருக்கும். மற்றப் பிள்ளைகளுக்குப் பிறப்பு எதைக் கொடுத்ததோ அதையே பள்ளி நேரமும் கெட்டிப்படுத்தும். பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் இதற்குக் ‘குலக்கல்வி’ என்று பெயர் வைத்தபோது, அந்த ஒரு சொல்லில் வாதம் முடிந்துவிட்டது. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதமே திட்டம் கைவிடப்பட்டது. கைவிடப்பட்டது நல்லதுக்குத்தான் என்பதில் எனக்கு ஒரு துளி ஐயமும் இல்லை.

அதன் பின்விளைவை மட்டும் நாம் பேசாமலே விட்டுவிட்டோம். தொழில் கற்றுத் தருகிறோம் என்று யார் சொன்னாலும் தமிழ்நாட்டுத் தாய் தகப்பன் மனதில் ஒரு சந்தேகம் எழுகிறது: என் பிள்ளையைத் திரும்பவும் என் இடத்துக்கே தள்ளப் பார்க்கிறார்களா? அந்தச் சந்தேகம் அறியாமையில் பிறந்தது அல்ல. பட்டு அறிந்தவர்களின் சந்தேகம். வெள்ளைச் சட்டை வேலை, பட்டம், பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து என்று ஒரு தலைமுறை ஓடியதற்குப் பின்னால் இருப்பது இந்த நினைவுதான்.

1978-ல் பிளஸ் டூ வந்தபோது அதோடு தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்து திரும்பிய மால்கம் ஆதிசேஷையா தலைமையில் ஒரு தேசியக் குழு, செய்து கற்பதே மேல்நிலைக் கல்வியின் உயிர் என்று அந்த ஆண்டு அறிக்கை கொடுத்தது. மோட்டார் காயில் கட்டுவது, பொது இயந்திரப் பணி, தையலும் ஆடை வடிவமைப்பும், வேளாண்மை, செவிலியம், அலுவலகச் செயலாண்மை என்று பாடங்கள் வந்தன. நல்ல பாடங்கள். நான் படித்த மேல்நிலைப் பள்ளியிலும் அந்தப் பிரிவு இருந்தது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பார்த்து முதல் குரூப், இரண்டாம் குரூப் என்று பிரித்து முடித்த பிறகு, மிச்சம் இருந்த பையன்களைத் தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்க வைத்து, “நீங்கல்லாம் தொழிற்கல்வி” என்றார்கள். அவர்களில் ஒருவன் என் பெஞ்சுக்காரன். எங்கள் வீட்டு டேபிள் ஃபேன் ஓடாமல் போனபோது கழற்றிப் போட்டு, காயில் கட்டி ஓட வைத்தவன் அவன். அன்று வாசலில் நின்ற அவன் முகம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. கற்றுக்கொடுத்த பாடத்தில் குறை இல்லை. தோற்றவனுக்குக் கொடுக்கும் தண்டனை மாதிரி அதைக் கொடுத்ததுதான் குறை. பிறகு பல பள்ளிகளில் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றதும் இடம் நிரப்பப்படாமல் பிரிவே மங்கிப்போனது.

மேற்கே ஒரு மலையைத் தாண்டினால் கதை வேறு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த ஊர். அங்கிருந்து ஆரியங்காவு கணவாய் வழியாகக் கொல்லம் போகும் ரயிலில் ஏறினால் எழுகோன் என்றொரு நிலையம் வரும். அந்த ஊரில் அரசு தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. கேரளத்தில் இப்படி 39 பள்ளிகள், தொழில்நுட்பக் கல்வித் துறையின் கீழ். எட்டாம் வகுப்பிலேயே பிள்ளைகள் சேர்கிறார்கள். மற்றப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் மொழியும் கணக்கும் அறிவியலும் படிக்கிறார்கள். அதோடு பட்டறையில் அரம் பிடிக்கவும், கடைசல் இயந்திரம் ஓட்டவும், வயரிங் செய்யவும், வரைபடம் போடவும் கற்கிறார்கள். முடிக்கும்போது கிடைக்கும் சான்றிதழ் எஸ்.எஸ்.எல்.சி.க்குச் சமம். பாலிடெக்னிக் சேர்க்கையில் அவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அங்கே பட்டறை ஒரு முட்டுச்சந்து அல்ல. அதற்கு மேலே போகவும் கதவு இருக்கிறது.

இனி மத்தளம்பாறைக்குத் திரும்பலாம்.

ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டம் வாங்கி, குவால்காமில் வேலை பார்த்தவர். 1996-ல் தம்பிகளோடும் நண்பர்களோடும் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம் 2009-ல் ஜோஹோ என்று பெயர் மாறியது. ஆட்களை எடுத்து எடுத்துப் பார்த்ததில் அவர்களுக்கு ஒன்று தெரிந்தது: பெரிய கல்லூரிப் பெயருக்கும், மார்க்குக்கும், வேலையில் காட்டும் திறமைக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. அப்படியானால் கல்லூரிக்கே போகாத பிள்ளையை எடுத்து நாமே கற்றுக்கொடுத்தால் என்ன என்று 2004 வாக்கில் சென்னையில் ஆறு மாணவர்களோடு ஒரு வகுப்பைத் தொடங்கினார்கள். முன்னின்று நடத்தியவர் ராஜேந்திரன் தண்டபாணி. ஒரு காலத்தில் ஜோஹோ பல்கலைக்கழகம் என்று அழைத்தார்கள், பிறகு ஜோஹோ ஸ்கூல்ஸ் ஆஃப் லேர்னிங் ஆனது. தென்காசியில் நடப்பது அதன் தொடர்ச்சி. தங்கள் பொறியாளர்களில் சுமார் 15 சதவீதம் பேர் இந்தப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது.

பாடத்திட்டத்தில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஆங்கிலம், கணக்கு, கோடிங். பிறகு சின்னச் சின்னத் திட்டங்களைச் செய்து பார்ப்பது. இரண்டாம் வருடம் நிறுவனத்துக் குழுக்களோடு உட்கார்ந்து உண்மையான வேலை. சேர்க்கைக்கு பிளஸ் டூ மார்க்கைப் பார்ப்பதில்லை, தாங்களே தேர்வும் நேர்காணலும் வைத்து எடுக்கிறார்கள். தமிழ் வழியில் படித்து, ஆங்கிலத்தில் வாய் திறக்கக் கூசுகிற பிள்ளைக்கு, கூச்சம் போவதுதான் முதல் பாடம் என்று தோன்றுகிறது. கணினி அதற்குப் பிறகு.

ஜெர்மனியில் இளைஞர்கள் வாரத்தில் மூன்று நான்கு நாள் பட்டறையிலோ நிறுவனத்திலோ வேலை கற்று, மீதி நாள் தொழிற்பள்ளிக்குப் போகிறார்கள். கற்கும்போதே சம்பளம் உண்டு. அங்கே அதை யாரும் இரண்டாம் தரம் என்று எண்ணுவதில்லை. நம் நாட்டிலும் 1961-லிருந்தே தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்தும் மதிப்பு வரவில்லை. மத்தளம்பாறையில் வந்திருக்கிறது. ஏன் என்று யோசித்துப் பார்த்தால் எனக்குக் கிடைக்கிற பதில் இது: இங்கே கற்றுத் தரும் தொழில் எந்தச் சாதிக்கும் சொந்தமில்லை. கோடிங் யாருடைய குலத்தொழிலும் இல்லை. பீடி சுற்றிய அம்மாவின் மகளும், வாழைத்தோட்டத்தில் கூலிக்குப் போனவர் மகனும், கடைக்காரர் பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே இடத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாத வேலை அது. 1953-ல் எதைக் கண்டு பயந்தார்களோ அந்தப் பயத்துக்கு இங்கே இடமில்லை. அதோடு, காசை நீட்டுவது பள்ளியின் கை. தனியார் கல்லூரிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைத்த வீடுகளுக்கு அந்த ஒரு காரியம் சொல்லும் சேதி பெரியது. நீ வேண்டும் என்பதால்தான் உன்னை எடுக்கிறோம், தோற்றுப்போனதால் அல்ல என்பதுதான் அந்தச் சேதி. என் பெஞ்சுக்காரனுக்கு யாரும் சொல்லாத சேதி.

ஆனாலும் மனதில் கிடக்கும் கவலைகளைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது. பட்டம் இல்லாத பிள்ளை பத்து வருடம் கழித்து பட்டம் கேட்கும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வு எழுத ஆசைப்பட்டால் வழியில்லை. மேற்படிப்புக்கு வெளிநாடு போக நினைத்தாலும் பட்டச் சான்றிதழைத்தான் முதலில் கேட்பார்கள். பெண் கொடுக்க வருகிறவர்கள் “மாப்பிள்ளை என்ன படிச்சிருக்கார்?” என்று கேட்கும்போது சொல்ல ஒரு சொல் வேண்டும் என்று அம்மாமார் கவலைப்படுவதையும் சின்னதாக எண்ணக்கூடாது. இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. ஒரு நிறுவனம் தன் தேவைக்கு நடத்தும் பள்ளி, அந்தத் தேவை உள்ள மட்டும்தான் வளரும். இத்தனை பெரிய மாவட்டத்தில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளில் அங்கே போய்ச் சேர்கிறவர்கள் ஒரு கைப்பிடி. மற்றவர்கள் எங்கே போவார்கள் என்பது ஒரு நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி அல்ல, அரசிடம் கேட்க வேண்டியது. 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் திறன் பயிற்சி கொடுக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் பதினாலு வயதில் கையும் மூளையும் சேர்ந்து துடிக்கிற பிள்ளைக்கு இருபது வயதில் கொடுக்கும் பயிற்சி பிந்தி வந்த மழை.

அந்த வயதின் அருமையை இந்த வட்டாரம் வேறு வழிகளிலும் அறிந்திருக்கிறது. வேம்பு 2019-ல் கலிபோர்னியாவை விட்டு மத்தளம்பாறைக்கே குடிவந்தார். 2020 ஊரடங்கில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது மூன்று பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் சொல்லத் தொடங்கினார். ஆறு மாதத்தில் அது ஐம்பதைத் தாண்டியது. கடையம் பக்கத்துக் கோவிந்தபேரியில் ‘கலைவாணி கல்வி மையம்’ என்று அது நிலைத்தது. பிள்ளைகளுக்குச் சாப்பாடும் போடுகிற பள்ளி.

ஆய்க்குடியில் இன்னொன்று. அந்த ஊர் எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வில் கழுத்தில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். மாற்றுத் திறனாளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி, மறுவாழ்வுச் சிகிச்சை, தொழிற்பயிற்சி என்று அது ஒரு சிறு கிராமமாகவே வளர்ந்தது. தசைநார்ச் சிதைவு நோயோடு பட்டயக் கணக்காளரான எஸ். சங்கரராமன் பின்னால் அவரோடு சேர்ந்தார். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ வந்தது. அடுத்த ஆண்டு வேம்புவுக்கு. ஒரே மாவட்டத்தில், அடுத்தடுத்த ஆண்டுகளில். 2019 நவம்பரில் பிறந்த மாவட்டம் இது. குற்றாலத்தில் 1964 முதல் திருக்குற்றாலநாத சுவாமி கோயில் நிதியில் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி நடந்துவருவதையும் சேர்த்துப் பார்த்தால், பிள்ளைகளைப் படிக்க வைக்க வழி கண்டுபிடிப்பதில் இந்த மண்ணுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

எனக்கு ஒரு ஆசை. தென்காசிக்கு எழுகோனில் உள்ளது போல் ஒரு அரசு தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி வேண்டும். எட்டாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். மார்க்கில் பின்தங்கியவர்களை அல்ல, விரும்பி வருகிறவர்களை. தமிழும் ஆங்கிலமும் கணக்கும் குறையாமல் இருக்க வேண்டும். மேலே பாலிடெக்னிக்குக்கும் பொறியியலுக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். கற்பிப்பதற்கு இந்த ஊரே பாடம் வைத்திருக்கிறது. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு வந்து விலை விழுந்து வீணாகும் தக்காளி இருக்கிறது. அதைக் காக்கும் குளிர்பதனத் தொழிலைக் கற்றுத் தரலாம். ஒவ்வொரு தோட்டத்திலும் எரிந்துபோகும் மோட்டார் இருக்கிறது.

காற்றும் இருக்கிறது. ஆனி பிறந்தால் ஆரியங்காவு கணவாய் வழியாக மேற்குக் காற்று இறங்கும். குற்றாலத்தில் சாரலாக விழுவதும் அந்தக் காற்றுதான், சுரண்டை முதல் கயத்தாறு வரை கரிசல் காட்டில் நிற்கும் காற்றாலைகளைச் சுற்ற வைப்பதும் அதுதான். சீசனில் அந்த இறக்கைகள் நிற்கக் கூடாது. நின்றால் பழுது பார்க்க யாராவது ஏணி பிடித்து உச்சிக்கு ஏற வேண்டும்; மேலே கியர்பாக்ஸையும் மின்னாக்கியையும் திறந்து பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். காற்றாலையின் நிழல் விழும் ஊர்களிலேயே, திண்ணையில் பீடி சுற்றும் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு, பழுதான ரேடியோவைக் கழற்றிப் போட்டு முழிக்கிற பதினாலு வயதுப் பையனும் பெண்ணும் இருக்கிறார்கள்.